ஒருக்கா ஈன்ற குதிரை

காப்பி நல்லா இருக்குதுங்க்கா. சக்கரை கொஞ்சம் எச்சு, அது போகுது. நீங்களும் உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு நாயம் பேச வராது. உங்க வீட்டுக்காரரு வரட்டும், பையன் வரட்டும்னு எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம். ஆம்பளைங்க வந்தா மண்டபம், சீரு, செனத்தின்னு பேசுவாங்க. பொம்பளைங்க பேச வேண்டியதை நாம முன்னாலயே பேசி முடிச்சரோணும். அதுக்குத்தான் புரோக்கர் சென்னியப்பனைக்கூட கார்லயே உக்காருன்னுட்டு நான் மட்டும் உள்ள வந்தனுங்க.

உங்க பொண்ணு கோகிலாவை என்ற பையன் தரணிக்குக் கேட்டு வந்திருக்கறேன். அவளும் ஒருத்தனைக் கட்டி, பாவம், அவன் லாரியில அடிபட்டுப் போய்ச் சேந்துட்டான். இவனும் ஒருத்தியக் கட்டி அத்து உட்டாச்சு. சரிக்குச் சரி. இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? கரட்டுத்தோட்டத்து நாச்சம்மான்னு அந்தியூர் குதிரைச் சந்தையில யாரை வேணும்னாலும் கேளுங்க. வாயி கொஞ்சம் நீளம், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டாம்பாங்க. என்ற வீட்டுக்காரரு போனதுக்கப்பறம் தோட்டம், லாயம் எல்லாம் நாந்தான் பாக்கறேன். பையன் கூடமாட நிப்பான்.

முன்னால கட்டுனவளை எதுக்கு அத்து உட்டீங்கன்னு நீங்க கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன். நாளைக்கு எவளாச்சும் வந்து கண்ணு காது மூக்கு வெச்சுச் சொல்றதுக்கு, நான் சொல்றதைக் கேட்டுக்குங்க.

அவ பேரு நிரஞ்சனா. பேரைப் பாருங்க, வாயில நுழையுதா? ஆறு வருசம் எங்கூட்டுல இருந்தா. ஆறு வருசமும் தின்னா, தூங்குனா, எந்திரிச்சா. ஒரு புழு பூச்சி இல்லை. வேலை செய்வா, அதை நான் இல்லைங்கலை. குதிரைகிட்ட நல்லா போவா. பவளம்னு ஒரு பொட்டைக்குதிரை, ராஜஸ்தான்ல இருந்து கொண்டாந்தது, ஆளைக் கிட்ட அண்ட உடாது, கடிக்கும். அது இவகிட்ட மட்டும் பூனைக்குட்டி மாதிரி நிக்கும். வறடும் வறடும் சேந்துக்கிச்சுங்கன்னு நான் வெளையாட்டுக்குச் சொல்லுவேன். அவளும் சிரிச்சுக்குவா. என்ன பண்ணுவா, சிரிக்காம?

ஏன்னா பவளமும் அப்படித்தானுங்க. எங்ககிட்ட பாதுசான்னு ஒரு பொலிக்குதிரை இருந்துச்சு. ஆகா, என்ன ஒசரம், என்ன நடை! சுழி அத்தனையும் சுத்தம். நெத்திச் சுழி நடுவுல, கழுத்துல ரெண்டு பக்கமும் தேவமணி. பாத்தவங்க கையெடுத்துக் கும்புடுவாங்க. அதுகூட பவளத்தைச் சேத்தோம், சினை நிக்கலை. மறுக்கா பருவத்துக்கு வந்துச்சு, சேத்தோம், நிக்கலை. அடுத்த வருசமும் அதே கதை. கொள்ளும் புல்லும் கொட்டிக் கொட்டி எனக்கு வயிறு எரியுது. ஒரு ரோசனை பண்ணிட்டு, வித்துத் தொலைச்சரலாம்னு இருந்தேன்.

அப்பத்தான் நாமக்கல்ல படிச்ச டாக்டர் தம்பி ஒருத்தரு வந்தாரு. சின்ன வயசு, மீசைகூட சரியா மொளைக்கலை. "ஏனுங்கம்மா, குருட்டுத்தனமா விக்காதீங்க, கர்ப்பப்பையில இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாக்கலாம், குட்டி தங்குமா தங்காதான்னு அதுலயே தெரிஞ்சிரும்"னாரு. பயாப்சிங்கறாங்கல்லங்க, அதுதான். எனக்கு அது தெரியும். மனுசங்களுக்கு எடுக்கறதைப் பாத்திருக்கறேன். நிரஞ்சனாவுக்கு அதுக்கு முந்துன வருசந்தான் எடுத்தோம்.

குதிரைக்கு எப்படி எடுத்தாங்கன்னு சொல்றனுங்க, கேளுங்க. நாலு பக்கமும் கட்டை அடிச்ச தடுப்புக்குள்ள நிறுத்துனாங்க. வாலைத் துணியில சுத்தி ஒரு பக்கமா இழுத்துக் கட்டியாச்சு. மொதல்ல ஸ்கேன் வெச்சுப் பாத்தாரு. வயித்துல ஏதாச்சும் இருந்து, தெரியாம கிள்ளிட்டா கலைஞ்சு போயிருமாமா. அப்பறம் சுடுதண்ணி போட்டு மூணு வாட்டி கழுவுனாரு. தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கிட்டு, நீளமா ஒரு இடுக்கி, அதோட நுனியில குட்டி வாயி, அதை உள்ள கொண்டு போனாரு. புளியங்கொட்டையில பாதி இருக்கும், அத்தனூண்டு சதை. மஞ்சத்தண்ணி ஊத்துன பாட்டில்ல போட்டு மூடுனாரு. அவ்வளவுதான்.

மயக்க ஊசி போட்டுத்தான் பண்ணுனாரு. "அந்த எடத்துல அதுக்கு அத்தனை வலி தெரியாதுங்க, ஆனாலும் மெரண்டுபோயிடும்"னாரு. நானும் போடுங்க தம்பின்னேன். அது வாயில்லா சீவன். உதைச்சா ஆள் காலி. அன்னிக்குப் பூராவும் பவளத்தை வெயில்ல கட்டலை. கேரட்டும் வெல்லமும் குடுத்தேன்.

நிரஞ்சனாவுக்கு எடுக்கறப்ப ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில அந்த நர்ஸு கேட்டா, "மயக்கம் குடுத்துப் பண்ணலாமுங்களா, இல்லை அப்படியேவா"ன்னு. நாந்தான் அப்படியே எடுங்கன்னேன். மயக்கம்னா ஒரு நாள் படுக்கோணும், வீட்டுல போட்டது போட்டபடி கெடக்குது. அதுவுமில்லாம இவ என்ன குதிரையா, உதைக்கறதுக்கு? கதவுக்கு வெளிய நிக்கறேன், சத்தமே இல்லை. வெளிய வந்தப்ப ஒதட்டுல ரத்தம். கடிச்சுக்கிட்டாளாட்டம் இருக்குது. பஸ்ஸுல வர்றப்ப சன்னலோரமா ஒடுங்கிக்கிட்டு வந்தா. நான் ஒரு வார்த்தை கோவிச்சுக்கலைங்க. ஒரு இளநி வாங்கித் தரட்டுமான்னுகூட கேட்டேன். வேண்டாம்னுட்டா.

அவளுக்கு வந்த ரிசல்ட்டா? எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு அந்த டாக்டரம்மா சொல்லுச்சு. எனக்கு நம்பிக்கை இல்லை. நல்லா இருந்தா ஏன் தங்கலை? அந்த அம்மாவுக்குப் பாக்கத் தெரீலைன்னுதான் நெனச்சேன். சரியாப் பாக்கச் சொல்லி இன்னொரு எடத்துல மறுக்கா எடுத்தோம். அங்கயும் நல்லா இருக்குதுன்னாங்க. எல்லாம் காசு புடுங்கற கும்பல். அதுக்கப்பறம் எடுக்கலைங்க, சும்மா சொல்லப்படாது.

சரி, பவளத்துக்கு வாங்க. கொஞ்ச நாளு கழிச்சு டாக்டர் தம்பி வந்தாரு. லாயத்துல எல்லாரும் இருக்கறோம். நானு, தரணி, பவளத்தோட தலைக்கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிரஞ்சனா. தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்றாரு: "பவளம் மொத தரமுங்கம்மா. தழும்பு இல்லை, சீக்கு இல்லை. சில குதிரைக்குக் கர்ப்பப்பையில தழும்பு உழுந்து உழுந்து கெட்டியாப் போயிரும், அதுல குட்டி தங்காது. இது அப்படி இல்லை. நெலம் நல்ல நெலம். கோளாறு விதையிலதான் இருக்கோணும். பாதுசாவைப் பாக்கலாமுங்களா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பாதுசாவையா? தேவமணிச் சுழி இருக்கற குதிரையவா? ஆனா அந்தத் தம்பி விடலை. எப்படி எடுத்தாருன்னு எல்லாம் பொம்பளை நான் வாயால சொல்ல முடியாது, எடுத்தாரு. மைக்ராஸ்கோப் கொண்டாந்திருந்தாரு. பாத்தாரு. "அம்மா, நூத்துக்கு நாலோ அஞ்சோதான் ஓடுது, மத்ததெல்லாம் செத்துக் கெடக்குது, நீங்களும் பாருங்க"ன்னாரு. நான் பாக்கலை. தரணி குனிஞ்சு பாத்தான்.

அவன் மொகம் சுண்டிப் போச்சுங்க்கா! பேயடிச்சவனாட்டம் நிக்கறான். பாதுசா மேல அத்தனை பாசம் அவனுக்கு. குட்டியில இருந்து அவன் கையால வளத்தது. அந்த மாதிரி மனசுங்க எம் பையனுக்கு. ஒரு குதிரைக்காக அப்படி ஒடஞ்சு போவான்.

அப்பப் பாத்து இவ வாயத் தொறந்தா. ஆறு வருசம் வாயத் தொறக்காதவ. கயித்தைப் புடிச்சுக்கிட்டு, சத்தங்கூட இல்லை, மெதுவா, "அத்தை, எனக்கும் ரெண்டு வாட்டி நல்லா இருக்குதுன்னுதானே வந்துச்சு. அவருக்கும் ஒருக்கா பாத்துரலாமே"ன்னா.

டாக்டர் தம்பி முன்னால! லாயத்து ஆளுங்க முன்னால! தாலி கட்டுன புருசனைக் குதிரையோட ஒண்ணா வெச்சுப் பேசுனா எந்தக் குடும்பம் பொறுக்கும், நீங்களே சொல்லுங்க. பொம்பளையும் குதிரையும் ஒண்ணான்னு நான் கேக்கறேன், அட, அதாவது, ஆம்பளையும் குதிரையும் ஒண்ணான்னு கேக்கறேன். என்ற பையன் ஒரு நாளும் கை நீட்டுனவன் இல்லீங்க. அன்னிக்கு ஒரே அறை. அவ சரிஞ்சு தடுப்புக் கட்டை மேல உழுந்தா. பவளம் திமிறிக்கிட்டு முன்னங்காலைத் தூக்கி நின்னுச்சு, டாக்டர் தம்பி பாட்டிலு டப்பியெல்லாம் அள்ளிக்கிட்டு ஓடுனாரு. தரணி மோட்டார் ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டான். ரெண்டு நாளா சோத்துக்கு வரலை. அவனை அந்த அளவுக்கு நோகடிச்சுப் போட்டா.

அதுக்கு மேலயும் அவளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அவங்கப்பனை வரச்சொல்லி, பெரிய மனுசங்க நாலு பேரை உக்கார வெச்சு, பேசித் தீத்து உட்டாச்சு. நகை போட்டது அத்தனையும் குடுத்துப் போட்டேன், ஒரு மூக்குத்தி கொறைக்கலை. நான் அப்படிப்பட்டவ இல்லீங்க. அவங்கப்பன் அழுதான். அவ அழுகலை. போறப்ப லாயத்துப் பக்கம் போகட்டுமான்னு கேட்டா. எதுக்கு, குதிரையும் ஏக்கம் புடிச்சுத் தீனி எடுக்காமப் போகறதுக்கா? வேண்டாம்னுட்டேன்.

பாதுசாவையா? ஆடிச் சந்தையில வித்துப்போட்டேன். கரூர்ப் பக்கத்துல இருந்து ஒருத்தன் வந்தான். சுழி பாத்தான், பல்லுப் புடிச்சுப் பாத்தான், நடக்க உட்டுப் பாத்தான். மயங்கிட்டான் மனுசன். தன்ற பொட்டைக்குதிரைங்களுக்குப் பொலிக்கு உடறதுக்குன்னான். நல்லா இருப்பான்னு குடுத்தேன். அவன் விதையப் பத்திக் கேக்கவே இல்லீங்களே. வாங்கறவன் கேக்காததை விக்கறவ போயிச் சொல்லிக்கிட்டு இருப்பாளா? சந்தையில அது பொய்யின்னு ஆகாது.

பவளத்தைப் பொள்ளாச்சிப் பக்கம் இன்னொருத்தரு குதிரைகிட்டக் கொண்டு போனோம். மொத தாட்டியே நின்னுருச்சு. டாக்டர் தம்பி சொன்னது சரிதான், அதுல நான் ஒண்ணும் சொல்லலை. குதிரைன்னா அவரு கெட்டிக்காரரு.

இவளைப் பத்தியும் ஒரு சேதி காத்துவாக்குல வந்துச்சு. தாராபுரத்துக்காரன் ஒருத்தன், பொண்டாட்டி செத்தவன், இவளைக் கட்டிக்கிட்டானாமா. இப்ப இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணாமா. ஏனுங்க்கா, அப்படிப் பாக்கறீங்க? எனக்குத் தெரியும் நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு. அதெல்லாம் இல்லை. ஆறு வருசம் எங்கூட்டுப் பாலும் நெய்யும் தின்னு ஊறுன ஒடம்புங்க. பக்குவத்துக்கு வர்றதுக்கு அத்தனை நாளாச்சு, வந்த நேரத்துல கொண்டு போயி அடுத்தவனுக்குக் காய்ச்சிருச்சு. தண்ணி கட்டுனது நாங்க, தேங்காய் எறக்குனது அவன். என்ற தலையெழுத்து.

தரணிக்கு என்னங்க கொறை? போட்டோவுல பாத்தீங்கல்ல? அவங்கப்பனாட்டமே ஒசரம். பல்லு ஒண்ணு சொத்தையில்லை. பீடி சிகரெட் கெடையாது. இப்பக் கொஞ்ச நாளா பொழுதோட ஒரு குவார்ட்டர் குடிக்கறான், அது கல்யாணம் ஆனா நின்னுரும். கல்யாணமே வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கறான். "அம்மா, இன்னொருத்தி வாழ்க்கை எதுக்கும்மா"ங்கறான். அத்தனை எளகுன மனசு. நாந்தான் சாமி மேல சத்தியம் வாங்கி ஒத்துக்க வெச்சிருக்கறேன்.

ஆனா இந்தத் தடவை நான் ஏமாறமாட்டேனுங்க. ஆழம் தெரியாம ஒருக்கா காலை உட்டாச்சு. டாக்டர் தம்பிகிட்டயே ஒரு நாளு கேட்டேன், "தம்பி, பொட்டைக்குதிரை வாங்கறதா இருந்தா எது பாத்து வாங்கறது"ன்னு. அவரு சொன்னாரு, "வயசாகியும் ஈனாத குதிரைன்னா டெஸ்ட்டுப் பண்ணாம வாங்காதீங்கம்மா. ஒருக்கா நல்லபடியா ஈன்னதுன்னா பாதி சந்தேகம் தீந்துச்சு"ன்னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சென்னியப்பன் எத்தனையோ ஜாதகம் கொண்டாந்தான், புதுப் பொண்ணுங்க, படிச்சது, வேலைக்குப் போறது. ஒண்ணும் வேண்டாம், ஒருக்கா பெத்தவளாப் பாருன்னேன். அப்படித்தான் உங்க கோகிலா பேரு வந்துச்சு.

மொறைச்சுக்காதீங்க. நான் உங்களுக்கு நல்லதுதான் சொல்றேன். வீட்டுல என்ன நடக்குதுன்னு வந்து ஏறுனவுடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்க மருமக காப்பி டம்ளரை வெச்ச வெப்பைப் பாத்தேன். ணங்குன்னு! புருசனைப் பறிகுடுத்துட்டு வந்த நாத்தனாருக்கு எத்தனை வருசம் ஒருத்தி சோறு போடுவா? நீங்க கண்ணை மூடிட்டா உங்க பொண்ணு இந்த வீட்டுல பாத்திரம் கழுவற ஆளுதான். நான் அவளை ராணியாட்டம் வெச்சுக்குவேன். கார் இருக்குது, வேலைக்கு ஆளு இருக்குது. ஒரு ஆம்பளைப் புள்ளை பெத்துக் குடுத்தாளுன்னா தோட்டமே அவளுதுதான்.

அந்த டெஸ்ட்டு மட்டும் ஒருக்கா பாத்துக்கலாம். ஒருக்கா பெத்தவங்களுக்கும் சிலதுக்கு அப்பறம் தழும்பு கட்டிக்குமாமா. பெருசா ஒண்ணும் இல்லை, புளியங்கொட்டையில பாதிதான். நானே கூட்டிக்கிட்டுப் போயிட்டு வர்றேன்.

இன்னொண்ணு இருக்குதுங்க. அதைத்தான் உங்ககிட்டத் தனியாச் சொல்லோணும்னு வந்தேன், சென்னியப்பன்கிட்டக்கூட சொல்லலை.

பவளத்துக்குச் சினை நின்னுச்சுன்னு சொன்னனல்லங்க? நல்லபடியா ஈன்னுச்சு. பொட்டைக்குட்டி. அழகுன்னா அழகு. தாயைச் சுத்திச் சுத்தி வரும். ஆனா அது பால் குடிச்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டே இருந்தா தாய்க்கு ஒடம்பு தேறாதுங்க, கவனம் பூரா அது மேலயேதான் இருக்கும். அதனால பிரிக்கோணும். பிரிக்கறதுல ஒரு பக்குவம் இருக்குது. பக்கத்துக் கொட்டகையில கட்டப்படாது. குட்டி கத்தறது தாய் காதுல உழுகவே படாது. உழுந்துச்சுன்னா செவுத்துல முட்டிக்கும், காலை ஒடைச்சுக்கும். அதனால தாயைத் தண்ணி காட்டக் கூட்டிக்கிட்டுப் போறப்பவே குட்டிய வண்டியில ஏத்தி வேற ஊருக்குத் தாட்டி உட்டரோணும். திரும்பி வந்து தேடும். கொஞ்ச நாளைக்குக் கனைச்சுக்கிட்டே இருக்கும். மடி கட்டிக்கிட்டு வலிக்கும். தீனியக் கொறைச்சா பால் வத்திரும். வத்திருச்சுன்னா மறந்துரும். பவளம் இப்பத் தெளிஞ்சுருச்சு, மறுபடி சினை.

உங்க பேத்தி பேரு என்ன சொன்னீங்க, தன்விகாவா? மூணு வயசுங்கறீங்க. நல்ல கொழந்தை, நான் இல்லைங்கலை. ஆனா இன்னொருத்தன் புள்ளைய எம் பையன் கண்ணு முன்னால வெச்சுக்கிட்டிருந்தா அவன் மனசு என்ன பாடுபடும்? அது ஒண்ணு அங்க இருந்தா உங்க பொண்ணுக்கும் இன்னொண்ணு வேணும்ங்கற நெனப்பே வராது. அதனால கொழந்தை நம்ம கணக்குல இல்லீங்க. மொதப் புருசன் வீட்டாரு இருக்கறாங்கல்ல? இல்லையா, உங்க தம்பி திருப்பூர்ல இருக்கறாருன்னு சென்னியப்பன் சொன்னான். எங்கயோ ஒரு எடம். இந்த ஊரு மட்டும் வேண்டாம். இங்க இருந்தா அவ வாரா வாரம் ஓடியாருவா.

பொண்ணுகிட்ட இப்பவே சொல்ல வேண்டாம். மண்டபத்துல தாலி ஏறுற நேரத்துல உங்க தம்பி கொழந்தைய ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு தூக்கிக்கிட்டுக் கெளம்பட்டும். அழுவா, கொஞ்ச நாளு அழுவா. வாழ வந்த எடத்துல ஒரு புள்ளை உண்டாயிருச்சுன்னா எல்லாம் சரியாப் போயிரும்.

ஏனுங்க, எதுக்கு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டீங்க? அழுகாதீங்க, உள்ள அவளுக்குக் கேட்டறப்போகுது. நானும் ஒரு தாய்தானுங்களே. யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா சீக்கிரமாச் சொல்லுங்க. சென்னியப்பன்கிட்ட இன்னும் ரெண்டு பேரு இருக்கறாங்க, ஒருத்திக்குப் பொறந்ததே தங்கலையாமா, இந்தத் தொந்தரவே இல்லை. உங்களைப் பாத்தா மனசுக்குப் புடிச்சிருக்குது, அதனாலதான் மொதல்ல இங்க வந்தேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிடறேன்.

சொல்லமாட்டீங்கறீங்க. செரி. நல்லதுன்னு எடுத்துக்கறேன், சம்மந்தியம்மா. ஆம்பளைங்க வரட்டும், மண்டபத்தைப் பேசிரலாம்.

அட, இங்க பாருங்க, இது எப்ப வந்துச்சு? இதுதான் தன்விகாவா? யாருடா கண்ணு நானு? அம்மாயியா? அம்மாயின்னு சொல்லுது பாருங்க, மடியில ஏறி உக்காந்துக்கிச்சு. கையைப் புடிச்சு வளையலை எண்ணுது. என்ன சூடு, ஒடம்பெல்லாம் வேர்வை. எனக்கு ஒரு பேரப்புள்ளை மடியில உக்காந்ததில்லீங்க, இந்த வயசு வரைக்கும்.

எறக்கி உடுங்க சம்மந்தியம்மா. சீக்கிரம் எறக்கி உடுங்க. எங்கிட்டப் பழகிருச்சுன்னா அப்பறம் எனக்குப் பிரிக்கறதுக்கு மனசு வராது.